ஒன்பதாம் கட்டம் காலியாக இருக்கக் கூடாது

லிப்ட் மெக்கானிக் தன் சொந்தத் தங்கையின் கள்ளக்காதலன் ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் பக்கத்தில், வலது மூலையில். அதற்கு முந்தைய முப்பத்திரண்டு வருடமும் அவர் அவளுக்கு அண்ணனாக மட்டுமே காலம் தள்ளி வந்தார். இந்தப் பதவி உயர்வைப் பற்றி யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

படத்தில் அவர் நன்றாகவே விழுந்திருந்தார். கோர்ட் வாசலில், போலீஸ் வேனிலிருந்து இறங்கும் தங்கையின் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவளுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. காறை எலும்பு இரண்டு தரம் உடைந்து இரண்டு தரமும் கோணலாகச் சேர்ந்தது. பிடிக்காவிட்டால் படியில் விழுந்திருப்பாள். படத்தின் கீழே, ‘கைகோத்தபடி வந்த ஜோடி’ என்று இருந்தது. மேலே தலைப்பு: ‘சூடான இஸ்திரிப்பெட்டி, சில்லென்ற மனைவி!’

நடந்தது இவ்வளவுதான். பன்னிரண்டு நாளுக்கு முன் ஒரு மதியம், தங்கையின் கணவர் அவள் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தார். அவளுடைய வலது கைக்கு எட்டியது இஸ்திரிப்பெட்டி. ஒரே அடி. பிறகு அவளே போலீசுக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இதில் ஒரு வாக்கியம்கூட எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வாசகரின் நேரத்தை வீணடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

அன்றிலிருந்து மகள் மாமா வீட்டில்தான் இருந்தாள். செவ்வாய்க்கிழமைப் பேப்பர் வந்த மறுநாளே குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓலை வந்துவிட்டது. மெக்கானிக் தன்னுடைய பிறப்புச் சான்றிதழையும் தங்கையுடையதையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

நல அலுவலர் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையில் சிவப்புப் பேனா வைத்திருந்தாலும் நல்ல பெண்மணி.

“ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. பாருங்க மேடம்.”

“பாத்தேன். சான்றிதழெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பேப்பர்ல வேற மாதிரி வந்திருக்கே.”

“பேப்பர்ல தப்பா வந்திருக்கு மேடம்.”

“தப்புன்னு எந்தப் பேப்பர்ல வந்திருக்கு?”

மெக்கானிக்குக் கையிலிருந்த சான்றிதழ்கள் திடீரென்று ரொம்ப லேசாகிவிட்டன.

நல அலுவலர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். செவ்வாய்க்கிழமைப் படம் கத்தரித்து ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, பதினான்காம் பக்கம் என்று எண்ணும் இடப்பட்டிருந்தது. “கோப்புல ஏறிடுச்சுங்க. பேப்பர் ஏத்தினதைப் பேப்பர்தான் எறக்கணும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள்ள, நீங்க கள்ளக்காதலன் இல்லன்னு அச்சாகி வந்த பேப்பரோட வாங்க. பாப்பா உங்களோடயே இருக்கட்டும். இல்லன்னா காப்பகம்தான். நான் என்ன பண்றது சொல்லுங்க? அம்மாவோட கள்ளக்காதலன் வீட்டுல குழந்தையை விட்டு வெச்சாங்கன்னு நாளைக்கு என்னைப் பத்திப் போடுவான்.”

பத்திரிகை அலுவலகத்தின் நெற்றியில், ‘உண்மை ஒன்றே. பதிப்புகள் நான்கு’ என்று பித்தளை எழுத்தில் பொறித்திருந்தது. திருத்தப் பிரிவு ஆறாவது மாடியில். லிப்டில், ‘பழுது. வருந்துகிறோம்’ என்ற அட்டை தொங்கியது. அந்த நிறுவனம் வருத்தம் தெரிவித்திருந்த ஒரே இடம் அது.

திருத்தப் பிரிவு என்பது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு முதியவர். மூச்சிரைக்க வந்து நின்றவரைப் பார்த்து அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“குடிங்க தம்பி. இந்தப் பிரிவை எதுக்கு ஆறாவது மாடியில வெச்சிருக்காங்கன்னு நெனைக்கிறீங்க? பாதிக் கோபம் மூணாவது மாடியிலயே எறங்கிடும். மிச்சம் அஞ்சாவதுல. ஆறு வரைக்கும் வர்றவருக்குப் பேச மூச்சு இருக்காது. சொல்லுங்க, செத்ததா போட்டுட்டோமா?”

“இல்லைங்க. கள்ளக்காதலன்னு போட்டுட்டீங்க. நான் அண்ணன்.”

“அவ்வளவுதானே? எடுத்துடலாம்.” முதியவர் சந்தோஷமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினார். “ஏழாம் நம்பர் படிவம். புருஷனைக் கொன்ன பொண்ணுங்களுக்குன்னு தனியா செஞ்சது. நாப்பத்தோரு கட்டம். இதோ ஒன்பதாம் கட்டம், ‘கள்ளக்காதலன்’. உங்க பேரு இருக்கு.”

பெயரை அழித்தார். கட்டம் சிவப்பாகி மினுக்மினுக் என்று அடித்துக்கொண்டது.

“என்னங்க இது?”

“காலியா இருக்கக் கூடாதாம். மத்த கட்டமெல்லாம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஒன்பது மட்டும் கட்டாயம். இது நிரம்பலைன்னா செய்தியும் போகாது, திருத்தமும் போகாது.” முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களை எடுத்துடறேன் தம்பி. அதுல ஒரு தடையும் இல்ல. பதிலுக்கு ஒருத்தரைக் குடுத்துட்டுப் போங்க.”

“ஒருத்தரும் இல்லைங்களே.”

“போன வருஷம் அப்படித்தான் ஒரு கேஸு. நான் ‘தெரியவில்லை’ன்னு அடிச்சேன். மறுநாள், ‘அடையாளம் தெரியாத கள்ளக்காதலன், தனிப்படை வலைவீச்சு’ன்னு வந்துச்சு. போலீஸும் பேப்பரைப் பாத்துட்டு மூணு பேரைப் புடிச்சிட்டாங்க. அதுல ரெண்டு பேர் ஒத்துக்கவும் செஞ்சுட்டாங்க.”

மெக்கானிக் திரையை எட்டிப் பார்த்தார். பதினேழாம் கட்டம், ‘கோர்ட்டில் நடந்துகொண்ட விதம்’. அழுதால் ‘நீலிக்கண்ணீர்’. அழாவிட்டால் ‘துளியும் வருத்தமின்றி’. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ‘மர்மப் புன்னகை’. நான்காவது வழி தரப்படவில்லை. இருபத்திரண்டாம் கட்டம், ‘இறந்தவரைப் பற்றி அக்கம்பக்கத்தார்’. அதில், ‘எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார்’ என்று ஏற்கெனவே அடித்து வைத்திருந்தது. மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டிருந்தது.

“புருஷன் பொண்டாட்டியைக் கொன்னா?”

“அதுக்கு ரெண்டாம் நம்பர் படிவம். பேரு, வயசு, ‘குடும்பத் தகராறு’. மூணே கட்டம். உள்பக்கத்துல நாலு வரி வரும். தினம் வர்றதாச்சே, இடம் வேணுமில்ல?”

படிவத்தைத் தளர்த்தும் அதிகாரம் நாலாவது மாடியில் குற்றச்செய்தி ஆசிரியருக்கு மட்டுமே உண்டு என்றார் முதியவர். ஆசிரியர் கூட்டத்தில் இருந்தார். கூட்டத்தின் பொருள், ‘இஸ்திரிப்பெட்டி வழக்கை இரண்டாம் வாரத்துக்கு இழுப்பது எப்படி?’ ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

மெக்கானிக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். லிப்ட் கதவு ஓடும் தடத்தில், அந்தப் பத்திரிகையின் ஞாயிறு மகளிர் இணைப்பு ஒன்று எட்டாக மடிந்து சிக்கியிருந்தது. உருவிப் போட்டார். லிப்ட் ஒரு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டு மேலே போனது. மூன்று வாரமாகப் படியேறியவர்கள் கைதட்டினார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் திருத்தப்பட்ட ஒரே பொருள் அதுதான்.

குற்றச்செய்தி ஆசிரியர் கைகுலுக்கி உட்கார வைத்தார். வாய் திறந்தால் தலைப்பாகத்தான் வரும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் ‘கொட்டை எழுத்து’ என்று பெயர்.

“சொல்லுங்க பிரதர்.”

“அதேதான் சார். நான் பிரதர்.”

ஆசிரியர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “உங்க வேதனை புரியுது. ஆனா நாங்க நடுநிலை. செத்தவரால பேச முடியாது, அதனால அவருக்காக நாங்க பேசறோம். உங்க தங்கச்சி உயிரோட இருக்காங்க, அவங்களால பேச முடியும். ஆனா வழக்கு நடக்குது, அதனால அவங்க பேசக் கூடாது. இதைவிடச் சமமா எப்படி நடக்கறது, சொல்லுங்க?”

“அவரு எட்டு வருஷமா அடிச்சிருக்காரு சார்.”

“அது குற்றச்சாட்டு. நிரூபிக்கணும். நிரூபிக்காததை எழுதினா ஒரு குடும்பத்தோட மானம் என்ன ஆகும்?”

“கள்ளக்காதல்?”

“அது தகவல்.”

மெக்கானிக் உறையிலிருந்து இரண்டு எக்ஸ்ரேக்களை உருவி மேஜை மேல் வைத்தார். மூன்று வருட இடைவெளியில் எடுத்தவை. அதே எலும்பு, இரண்டு முறிவு. ஆசிரியர் ஒன்றைத் தூக்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் உன்னிப்பாகப் பார்த்தார். ஒரு கணம் மெக்கானிக்குக்கூட நம்பிக்கை வந்தது.

“முகம் தெரியலையே பிரதர்.”

“எலும்பு சார் அது.”

“எலும்பு எல்லாருக்கும் இருக்கு. வாசகர் ஒரு பொண்ணைப் பாக்கணும்னு வர்றார். இதைப் பாருங்க.” தன் திரையைத் திருப்பினார். தங்கை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். “உயிர் இருக்கு பாருங்க! இவ்வளவு சிரிப்பு ஒரு கொலைகாரிக்கு எதுக்கு? யார் தோள்ல கை போட்டிருக்காங்க?”

படம் தோளோடு வெட்டப்பட்டிருந்தது. வெட்டப்பட்டது யார் என்று மெக்கானிக்குத் தெரியும். அவரே எடுத்த படம்.

“அவ பொண்ணு சார். ஸ்கூல்ல சாக்குப் பந்தயத்துல ஜெயிச்ச அன்னைக்கு. கண்ணாடி எதுக்குன்னா, கண்ணுக்குக் கீழ வீங்கியிருந்துச்சு.”

“ஆனா பொண்ணு தெரியல, வீக்கம் தெரியல. தெரியாததை நான் எப்படிப் போடறது? நான் பொய் எழுதறவன் இல்ல.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“சார், அந்த இஸ்திரிப்பெட்டி சூடாவே இல்ல. அன்னைக்குக் கரண்ட் இல்ல.”

“சூடு வாசகருக்கு பிரதர்.” எழுந்து நின்றார். “ஒண்ணு மட்டும் மனசு விட்டுச் சொல்றேன். எனக்கும் பொண்ணு இருக்கா. ஒரு பொண்ணு காரணமே இல்லாம புருஷனைக் கொல்ல மாட்டாங்கறதுல எனக்கு ஆழமான நம்பிக்கை. அந்த மரியாதையிலதான் ஒன்பதாம் கட்டத்தைக் கட்டாயம் ஆக்கினேன். உங்க தங்கச்சிக்கு ஒரு காரணம் இருக்கணும். அதைக் காலியா விடறது பெண்மைக்கே அவமானம்.”

“காரணம்தான் சார் எக்ஸ்ரேல இருக்கு.”

“எக்ஸ்ரேக்குக் கட்டம் இல்லையே,” என்றார் ஆசிரியர், உண்மையான வருத்தத்தோடு.

வியாழக்கிழமை மாலை மெக்கானிக் மறுபடி ஆறாவது மாடிக்குப் போனார். முந்தின இரவு முழுக்க, தெரிந்த ஆண்களையெல்லாம் மனதில் வரிசையாக நிறுத்திப் பார்த்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்: மூன்று பிள்ளைகள். பள்ளி வேன் டிரைவர்: போன மாதம்தான் கல்யாணம். காறை எலும்புக்குக் கட்டுப்போட்ட டாக்டர்: எழுபத்தாறு வயது. யாரையும் பிடித்துக் கொடுக்கக் கை வரவில்லை.

“ஏழு மணிக்குப் பக்கம் முடிச்சிடுவாங்க தம்பி,” என்றார் முதியவர். “யோசிங்க. செத்தவங்க யாராவது இருந்தா ரொம்ப உத்தமம். மறுப்பு அனுப்ப மாட்டாங்க.”

சிவப்புக் கட்டம் அடித்துக்கொண்டே இருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தபடி யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

“அவ காதலிச்சது ஒரே ஒரு ஆளைத்தாங்க. அவனையேதான் கட்டிக்கிட்டா. நாங்க வேண்டாம்னோம். கேக்கல. அப்புறம் ரெண்டு தரம் பையைத் தூக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. ரெண்டு தரமும் நான்தான் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். ‘நீயா தேடிக்கிட்டது, நீதான் அனுசரிச்சுப் போகணும்’னேன். மூணாவது தரம் அவ வரல.”

முதியவர் திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். அவருடைய படிவத்தில் இதற்கும் கட்டம் இல்லை.

“அந்தப் பேரையே போடுங்க. அவ புருஷன் பேரு. அதுல பொய் இல்ல.”

முதியவர் அடித்தார். கட்டம் ‘உயிருடன் / இறந்தவர்’ என்று கேட்டது. இறந்தவர். பச்சை. இரண்டு பேரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். கம்ப்யூட்டர் சந்தோஷத்தில் ஒரு சின்ன மணி அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். பதினோராம் பக்கம், வரி விளம்பரங்களுக்கு அடியில், கொசு உட்கார்ந்தால் மறையும் அளவில் இருந்தது: ‘திருத்தம்: செவ்வாயன்று வெளியான படத்தில் இருப்பவர் கள்ளக்காதலன் அல்லர், அண்ணன்.’ மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இதுல என்ன மாமா புதுசா இருக்கு?” என்றாள். மெக்கானிக் பதினைந்து நாளுக்குப் பிறகு சிரித்தார். ‘அண்ணன்’ என்ற வார்த்தையை அத்தனை அழகாக அவர் பார்த்ததில்லை. பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை.

நல அலுவலர் பார்த்திருந்தார். மேஜை மேல் விரித்து வைத்திருந்தார். ஐந்து பத்தி அகலத்துக்குத் தலைப்பு:

‘கணவனும் காலி, கள்ளக்காதலனும் காலி! இரட்டைக் கொலை அரக்கி!’

கீழே, பெட்டிச் செய்தி: ‘இருவருக்கும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே முகவரி! தேடித் தேடித் தேர்ந்தெடுத்தாரா? மனநல வல்லுநர் விளக்கம்.’ அதற்கும் கீழே: ‘இரண்டாவது உடல் எங்கே? கிணறுகளில் தேட ஆறு தனிப்படை.’

“மொதல்ல வாழ்த்துகள்,” என்றார் நல அலுவலர். பதினோராம் பக்கத் திருத்தத்தைக் கத்தரித்தார், ஒட்டினார், முத்திரை குத்தினார். “உங்க பேரு சுத்தம். ஆனா இப்ப வேற சிக்கல். ஒரு கொலைன்னா குழந்தையைச் சொந்தக்காரங்ககிட்ட விடலாம். ரெண்டுன்னா தொடர்கொலைப் பிரிவுல வருது. விதிப்படி காப்பகம்.”

“ரெண்டும் ஒரே ஆள் மேடம்! அவன்தான் இவன்!”

“நீங்க சொல்றீங்க. பேப்பர்ல வரட்டுமே.”

வெளியே வராந்தாவில், பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த மகளிடம் ஒரு நிருபர் குனிந்து மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார். “அம்மா வீட்ல என்னம்மா செய்வாங்க?”

“அம்மாவுக்குக் கை மேல வராது. நான்தான் தலை பின்னிவிடுவேன். ரெட்டைப் பின்னல்கூட வரும் எனக்கு.”

நிருபர் எழுதிக்கொண்டது மெக்கானிக்கின் கண்ணில் பட்டது: ‘அலங்கார மோகம். பெற்ற மகளையே பணிப்பெண் ஆக்கிய கொடூரம்.’

அதற்குள் வக்கீல் போனில் வந்துவிட்டார். “யாருய்யா அந்த ரெண்டாவது ஆளு? ஒரு கொலைன்னா தற்காப்புன்னு வாதாடி, திங்கக்கிழமை ஜாமீன்ல எடுத்துடலாம்னு இருந்தேன். ரெண்டுன்னா நான் வாயே தொறக்க முடியாது. நீதிபதியும் இதே பேப்பர்தான் வாங்கறாரு.”

காப்பகத்து ஆயா வந்து மகளின் கையைப் பிடித்தாள். மகள் அழவில்லை. எந்தக் கட்டத்தில் அதைப் போடுவார்களோ. வேனில் ஏறும்போது திரும்பி, “அம்மா வந்ததும் நானும் வந்துடலாம்ல மாமா? அதுவரைக்கும் அம்மாவுக்கு யாரு தலை பின்னுவாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மெக்கானிக் நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். லிப்ட் ஒரு குலுக்கல் இல்லாமல் அவரை ஆறாவது மாடியில் இறக்கிவிட்டது.

முதியவர் அவரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டார். “ரெண்டாவது கொலையை எடுக்கணும். அதானே? எடுத்துடலாம் தம்பி. ஒரு தடையும் இல்ல.” ஒன்பதாம் கட்டத்தை அழித்தார். சிவப்பு மினுக்கத் தொடங்கியது. “பதிலுக்குத்தான்...”

“என் பேரைப் போடுங்க.”

“தம்பி, அப்புறம் பாப்பா உங்க வீட்டுக்கு...”

“தெரியுங்க. தங்கச்சி திங்கக்கிழமை ஜாமீன்ல வெளிய வந்தா அவளே போய்க் கூட்டிக்குவா. எனக்குத் தரமாட்டாங்க. போடுங்க.”

முதியவர் ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக அடித்தார். ‘உயிருடன் / இறந்தவர்’ என்று வந்தபோது மட்டும் மெக்கானிக்கை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ‘உயிருடன்’ என்பதைத் தொட்டார். பச்சை. சின்ன மணி.

“வயசு சரியாச் சொல்லிடுங்க,” என்றார் முதியவர். “தப்பா வந்துச்சுன்னா திருத்தம் கேட்டு மறுபடி ஆறு மாடி வரணும்.”

“பரவால்லைங்க,” என்றார் மெக்கானிக். “லிப்ட் இப்ப நல்லா ஓடுது.”